ஸ்டென்ட் வைத்த பிறகும் வலிக்கிறது. தூங்கப் பயமாக இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 58. சிங்கப்பூரின் ஈசூனில் மனைவியுடன் வசிக்கிறேன். இவ்வாண்டுத் தொடக்கத்தில் மாரடைப்பு வந்து, ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி, குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய சில வாரங்களில் இடது கையிலும் நெஞ்சிலும் மறுபடி வலி. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் வலி வந்து வந்து போகிறது, இரவில்தான் அதிகம். நாடியைப் பிடித்துப் பார்த்தபடி விழித்துக் கிடக்கிறேன். வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று சந்தைக்குப் போவதைக்கூட விட்டுவிட்டேன். "எல்லாம் உங்கள் கற்பனை அப்பா" என்கிறான் மகன். மறுபடி மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் மனம்தான் குழம்பிவிட்டதா?

ஈசூன் வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் வலி கற்பனை அல்ல. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் கவலை தருவது அந்தக் கூச்சம். பரிசோதனை சரியாக இருந்தது என்பது அன்றைய வலிக்குக் கிடைத்த பதில். பிறகு வந்த வலிகளை உங்கள் இதய மருத்துவர் இன்னும் கேட்கவே இல்லை. அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல், அதை முன்கூட்டியே தரும்படி கேளுங்கள். நடக்கும்போது வந்து, நின்றால் அடங்குகிறதா? கையைத் திருப்பினாலோ நெஞ்சை அழுத்தினாலோ கூடுகிறதா? சாப்பிட்டுப் படுத்ததும் வருகிறதா? இதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். ரத்த ஓட்டக் குறைவு, தசைப்பிடிப்பு, வயிற்று அமிலம் ஆகிய மூன்றுமே நெஞ்சு வலியாகத் தெரியக்கூடும். பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், நீங்களோ நானோ அல்ல. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இனி இரவு. ஒரு முறை மாரடைப்பைக் கண்டவரின் கவனம் நெஞ்சை விட்டு நகராது. சிறு பிடிப்பும் பெரிதாகத் தெரியும். பயந்தவுடன் மூச்சு வேகமாகும், தசைகள் இறுகும், கை மரத்துப்போகும். அதுவே இன்னொரு பயத்துக்குக் காரணமாகும். இதய நோயாளிகள் பலர் இதை அனுபவிக்கிறார்கள். வலி வரும்போதெல்லாம் "இது எதுவாக இருக்கும்?" என்று தனியாக முடிவெடுக்க வேண்டியிருப்பதுதான் உங்களை வதைக்கிறது. அந்தச் சுமையைப் பகலிலேயே இறக்கிவைக்கலாம். வலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். பொதுவாகச் சொல்வது இது: உட்கார்ந்துவிடுங்கள், நாக்குக்கு அடியில் வைக்கும் மருந்து தந்திருந்தால் பயன்படுத்துங்கள், ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். வலி கடுமையாக இருந்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் சேர்ந்தாலோ உடனே 995. டாக்சியிலோ மகனின் காரிலோ போக வேண்டாம். ஆம்புலன்ஸை அழைத்துப் போய் ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் அது வீண் அலைச்சல் அல்ல.

சந்தைக்குப் போவதை நிறுத்தியது உங்களுக்கு நன்மை செய்யவில்லை. நடக்காத உடல் தளரும். பிறகு சிறிது நடந்தாலே மூச்சு இளைக்கும். அதையும் இதயக் கோளாறு என்றே நினைப்பீர்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தாதியரும் உடற்பயிற்சி வல்லுநர்களும் பக்கத்தில் நின்று கவனிக்க, படபடக்கும் நெஞ்சோடு நடந்து பார்ப்பது, எந்த ஆறுதல் வார்த்தையையும்விட நம்பிக்கை தரும்.

மகனைக் கோபிக்காதீர்கள், அவரும் பயந்திருக்கிறார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனைகள் முடிந்த பிறகும் தூக்கம் வராவிட்டால், மருத்துவமனையிலேயே மனநல ஆலோசகரைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லுங்கள். நள்ளிரவில் வலி இல்லாமல் பயம் மட்டும் அழுத்தினால், தேசிய மனநல உதவி எண் 1771 நாள் முழுவதும் இயங்குகிறது.