சில்லு சுற்றட்டும்: பழைய தையல் மெசின் கேள்வி - பதில்

கேள்வி: அம்மம்மாவின் கறுப்புச் சிங்கர் கை மெசின் எங்கள் வீட்டில் இருக்கிறது. அடித்தட்டில் ஈ, ஜீ என்ற ஆங்கில எழுத்துகளோடு இலக்கம் வெட்டியிருக்கிறது. எத்தனை வயசு? விற்றால் நல்ல விலை போகுமா?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: ஈ-யில் தொடங்கும் இரட்டை எழுத்து என்றால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்தது. உங்களுடையது 1950ஐ ஒட்டி வந்திருக்கும். பொதுவாக ஒற்றை எழுத்து இருந்தால் 1935க்கு முந்தியது, எழுத்தே இல்லாமல் வெறும் இலக்கம் என்றால் 1900க்கும் முந்தியது.

விலை பெரிதாகப் போகாது. அந்த ஒரு தொழிற்சாலையே 1913ஆம் ஆண்டில் 13 இலட்சத்துக்கு மேல் மெசின் செய்தது. சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. அதனால் அரிய சாமான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விற்காதீர்கள், தங்கச்சி. எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தானே போகிறது. வீட்டோடு மெசினும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். நான் சேர்த்து வைத்திருப்பவை எல்லாம் அப்படிப் போக வழியில்லாமல் வெளியே வந்தவை. வாங்கும்போது "இதில் ஆர் தைத்தது?" என்றுதான் முதலில் கேட்பேன். ஏறாவூரில் வாங்கிய ஒரு கால் மெசினின் லாச்சிக்குள் சின்னப்பிள்ளைச் சட்டைப் பட்டன்களும், தேய்ந்த தையல் சோக்குத் துண்டும், "நெஞ்சு 24, நீளம் 18" என்று பென்சிலால் எழுதிய கொப்பி ஒற்றை ஒன்றும் கிடந்தன. அந்த ஒற்றை இன்றும் அதே லாச்சிக்குள் இருக்கிறது. எனக்கு மெசினைவிட அதுதான் பெரிய சொத்து.

கேள்வி: பழைய இரும்பு வாங்குகிறவரிடம் இருந்து ஒரு மெசின் தலையை மீட்டு வந்தேன். சில்லு அசையவே இல்லை. சுத்தியலால் மெல்லத் தட்டலாமா? இதற்கு உயிர் வருமா?
- வாசகர், கல்லாறு

பதில்: வரும் தம்பி. சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

இறுகின மெசின் என்றதும் எல்லோரும் துருவைத்தான் நினைக்கிறார்கள். நான் கண்டவற்றில் முக்கால்வாசிக்குக் காரணம் எண்ணெய். நம் வீடுகளில் கைக்கு எட்டுகிற எண்ணெய் தேங்காய் எண்ணெய். அதை விட்டால் அன்றைக்கு நன்றாக ஓடும், நாள்பட்டால் பிசினாக இறுகிவிடும். முதலில் ஊசியைக் கழற்றுங்கள். அடிநூல் சுற்றும் பொபின் இருக்கும் இடத்தை அடியில் பாருங்கள், பழைய நூல் சிக்கிக் கட்டையாகிக் கிடக்கும். ஊசிமுனையால் ஒவ்வொரு இழையாக எடுங்கள். அப்புறம் எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும், இரும்போடு இரும்பு உரசும் இடங்களிலும் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் பிசின் இளகும். பிறகு சில்லைக் கையால் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுங்கள். அசையாவிட்டால் திரும்பவும் மண்ணெண்ணெய், திரும்பவும் காத்திருப்பு.

ஒரு கட்டத்தில் அது மயிரளவு நகரும். உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அடுத்த ஆட்டில் இன்னும் கொஞ்சம். பிறகு திடீரென்று முழுச்சுற்றும் வந்து, ஊசித்தண்டு மேலேறி இறங்கும். இதற்காகத்தான் நான் இந்தப் பழைய இரும்புகளைத் தேடித் திரிகிறேன். புது மெசின் வாங்கியவருக்கு இந்தச் சந்தோசம் கிடைக்காது.

சுற்றியதும் நிறுத்திவிடாதீர்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தாங்காது. துடைத்துவிட்டு, தையல் மெசினுக்கென்றே விற்கும் எண்ணெயை விடுங்கள். 2004 சுனாமியில் உப்புத்தண்ணீர் குடித்த மெசின் என்றால் கறுப்பு மை கொப்புளித்திருக்கும், உள்ளே துருவும் இருக்கும். அதற்கு நாட்கள் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

கேள்வி: மெசினில் உள்ள தங்கப் பூக்கள் மங்கிவிட்டன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
- வாசகி, கல்முனை

பதில்: ஐயோ, வேண்டாம்! அந்தப் பூக்களுக்கு மேலே இருப்பது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் கரைந்து பூவும் சேர்ந்து போய்விடும். மெல்லிய பருத்தித் துணியில் மெசின் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள்.

கேள்வி: கால் மெசினின் இரும்புக் கால்களை மேசையாக்கினால் வடிவாக இருக்கும் என்கிறார்கள். தலையை என்ன செய்வது?
- வாசகர், மட்டக்களப்பு

பதில்: தலை ஓடும் என்றால் கால்களைத் தொடாதீர்கள். தலை உடைந்து, திருத்த வழியே இல்லாத மெசின்கள் எத்தனையோ கிடக்கின்றன. மேசைக்கு அவற்றின் கால்கள் போதும். பெரும்பாலும் தோல் பெல்ட் அறுந்துதான் மெசினை மூலையில் போட்டிருப்பார்கள். பெல்ட் மலிவு, கம்பிக் கொக்கி போட்டு நீங்களே மாட்டலாம்.

கேள்வி: சேர்க்கத் தொடங்க விருப்பம். முதலில் எதை வாங்கலாம்?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: சிங்கரின் 15 கே மாதிரியை வாங்குங்கள். இந்தியக் கறுப்பு உஷாவும் சைனா பட்டர்ஃபிளையும் பெரும்பாலும் அதே அமைப்பைப் பார்த்துச் செய்தவை. அதனால் பொபினும் பொபின் கூடும் இன்றைக்கும் கிடைக்கும். சிங்கரின் இன்னொரு மாதிரியான 28 கே என் செல்லம். பொபினைச் சுமக்கும் தோட்டா மாதிரிச் சட்டில் அடியில் ஆடி ஆடித் தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் சட்டிலும் நீளப் பொபினும் இல்லாமல் வந்தால் தேடி அலைய வேண்டும். காசு கொடுக்குமுன் அடித்தட்டைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: கழுவிப் பூட்டினேன். சில்லு சுற்றுகிறது, ஊசி அசையவில்லை!
- வாசகர், வாழைச்சேனை

பதில்: சில்லின் நடுத்திருகைக் கழற்றினால் உள்ளே பல் வளைந்த ஒரு வளையம் இருக்கும். பூட்டும்போது அது மாறிப் போயிருக்கும். பல் வளைந்த பக்கம் வெளியே பார்க்க, வளையத்தை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டு இறுக்குங்கள். சரியாகிவிடும். தைத்ததும் அந்தத் துணித்துண்டை எனக்கு அனுப்புங்கள், தையல் எப்படி விழுகிறது என்று பார்க்க ஆசை.