பட்டறையை விற்க ஆறு வருடம் இருக்கிறது, இப்போதே என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு 54 வயது. கோவை கணபதியில் 22 வருடங்களாக சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் மெஷின்) பட்டறை நடத்துகிறேன். 11 மெஷின்கள், 38 தொழிலாளர்கள். பம்ப் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து தருகிறோம். வேலையில் 60 சதவீதம் ஒரே கம்பெனியிலிருந்து வருகிறது. பணம் கைக்கு வர 90 நாள் ஆகும். போன வருட டர்ன்ஓவர் 14 கோடி, ஆடிட்டர் காட்டிய லாபம் 62 லட்சம். தனி உரிமையாளர் நிறுவனம்தான். இடம் மனைவி பெயரில் இருக்கிறது. வங்கிக் கடன் 2 கோடியே 10 லட்சம். மகன் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறான், பட்டறைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். 60 வயதில் விற்றுவிட்டு ஓய்வெடுக்க நினைக்கிறேன். மெஷின்களே 6 கோடிக்கு வாங்கியவை, எப்படியும் 10 கோடி வரும் என்கிறார் ஒரு புரோக்கர். இது சரியா? இன்னும் நாலைந்து மெஷின் போட்டுத் தொழிலைப் பெருக்கிவிட்டு விற்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: ஆறு வருடம் முன்னதாகவே கேட்டிருக்கிறீர்கள், நல்லது. விற்கப் போகும் நேரத்தில் வருபவர்களுக்கு என்னால் பேரம் பேசத்தான் உதவ முடிகிறது. விலையை ஏற்றும் வேலையெல்லாம் அதற்கு முந்தைய வருடங்களில் நடந்திருக்க வேண்டும்.

அந்த 10 கோடியை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மெஷின் தேவைப்படுகிறவர் புது மெஷினையே வாரண்டியோடு, வங்கிக் கடனில் வாங்கிக்கொள்வார். அதற்கு உங்கள் பட்டறை தேவையில்லை. உங்களிடம் வருகிறவர் பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு இந்த இடம் வருடத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கும்?

அந்தக் கணக்கை அவருடைய ஆடிட்டர் எப்படிப் போடுவார் என்று பாருங்கள். ஆடிட்டர் காட்டிய லாபம் 62 லட்சம். அதோடு வட்டியையும், மெஷின் மதிப்பு குறைவதாகக் கணக்கில் எழுதும் தேய்மானத்தையும் திரும்பக் கூட்டுவார். உங்கள் பேலன்ஸ் ஷீட் என்னிடம் இல்லை, அதனால் ஒரு பேச்சுக்கு வட்டி 24 லட்சம், தேய்மானம் 41 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 27 லட்சம். இனி கழிக்கத் தொடங்குவார். தனி உரிமையாளர் என்பதால் உங்கள் உழைப்புக்குக் கணக்கில் சம்பளம் இல்லை. நீங்கள் போன பிறகு ஒரு மேனேஜரைப் போட்டால் வருடத்துக்கு 18 லட்சமாவது ஆகும். இடம் மனைவி பெயரில் இருப்பதால் வாடகையும் அநேகமாகக் கணக்கில் இருக்காது. சந்தை நிலவரப்படி மாதம் ஒன்றரை லட்சம் என்றால் அதுவும் 18 லட்சம். வீட்டுக் கார் தவணை, குடும்ப போன் பில் என்று பட்டறைக் கணக்கில் எழுதிய சொந்தச் செலவு 9 லட்சம் இருந்தால் அதை மட்டும் திரும்பக் கூட்டுவார். மிஞ்சுவது சரியாக 1 கோடி.

இந்த ஒரு கோடிக்கு எத்தனை மடங்கு விலை தருவார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாலு மடங்கு என்றால் 4 கோடி. வங்கிக் கடனைக் கழித்தால் உங்கள் கையில் 1 கோடியே 90 லட்சம். ஆறு மடங்கு என்றால் 3 கோடியே 90 லட்சம். பட்டறை அதே பட்டறை, லாபமும் அதே லாபம். ஆனாலும் கைக்கு வருவது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. தொழில் தன் கையில் வந்த பிறகு என்னென்ன கெட்டுப்போகலாம் என்று வாங்குபவருக்கு இருக்கும் பயம்தான் மடங்கைக் குறைக்கிறது. அந்தப் பயத்தை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் இனி உங்கள் வேலை.

பெரிய பயம் நீங்கள்தான். நான் ஆலோசனை சொன்ன ஒரு பட்டறைக்கு, வாங்க விரும்பிய கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். கணக்கெல்லாம் பார்த்து முடித்து, விலையும் ஏறக்குறைய படிந்திருந்த நேரம். அவர் நேராக ஷாப் ஃப்ளோருக்குப் போனார். சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. தேதிக் கட்டங்களுக்குள் பால்பாயிண்ட் பேனாவால் எண்களும் பாதிப் பாதி எழுத்துகளும் கிறுக்கியிருந்தன. இது என்ன என்று கேட்டார். டெலிவரி தேதியும் பீஸ் கணக்கும், ஓனர் எழுதுவது, அவருக்குத்தான் புரியும் என்றார் சூப்பர்வைசர். புது டிராயிங் வந்தால் ரேட் யார் போடுவது என்று கேட்டார். ஓனர் மனக்கணக்காகவே போட்டுவிடுவார் என்று பெருமையாகச் சொன்னார் அந்தப் பையன். அவர் பெருமையில் ஒரு குறையும் இல்லை, அந்த ஓனர் அவ்வளவு கெட்டிக்காரர். ஆனால் அடுத்த வாரம் வந்த கடிதத்தில், பாதிப் பணம் இப்போது, மீதி மூன்று வருடம் ஓனர் கூடவே இருந்து லாபம் குறையாமல் காட்டினால் மட்டும் என்று மாறியிருந்தது. ஓய்வெடுக்கத்தான் அவர் விற்க வந்தார். அந்த விற்பனை நடக்கவில்லை.

ரேட் போடும் முறையை நீங்கள் ஒரு எக்ஸெல் தாளில் கொண்டுவர வேண்டும்: மெஷின் மணிக்கு எவ்வளவு, டூல் செலவு, ரிஜெக்ஷன், எல்லாம். ஒவ்வொரு பாகத்துக்கும் புரோகிராம், டூலிங், ஃபிக்ஸர் விவரம் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 60 சதவீதம் தரும் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் இன்று உங்களைத்தான் கூப்பிடுவார். இரண்டு வருடத்தில் அவர் உங்கள் சீனியர் சூப்பர்வைசரைக் கூப்பிடும் நிலை வர வேண்டும். மனதுக்குக் கஷ்டமான விஷயம் இது, எனக்குத் தெரியும். 22 வருடம் பழகிய உறவு.

அப்புறம் கணக்கு. உங்கள் பட்டறையில் நடக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் பல இடங்களில் நான் பார்ப்பது: மெஷினிலிருந்து விழும் போரிங்கை, அதாவது உலோகச் சீவலை, வாரம் ஒருமுறை ஸ்கிராப் வண்டிக்காரர் எடை போட்டு, ரொக்கம் கொடுத்து எடுத்துப் போவார். அது கணக்கில் ஏறாது. மாதம் 50,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 6 லட்சம். வரி ஏய்ப்பு என்பது ஒருபக்கம் இருக்கட்டும், விற்பனைக் கோணத்திலேயே பாருங்கள். கணக்கில் இல்லாத 6 லட்சத்துக்கு யாரும் விலை தர மாட்டார். ஐந்து மடங்கு என்றால் அங்கேயே 30 லட்சம் போய்விடுகிறது. போதாததற்கு, வாங்கிய இரும்பின் எடை, அனுப்பிய பாகத்தின் எடை, ஸ்கிராப் பில் மூன்றையும் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். ஒரு இடத்தில் பொய் தெரிந்தால் வாங்குபவர் மற்ற எல்லாக் கணக்கையும் சந்தேகப்படுவார். வாங்குபவர்கள் பொதுவாக மூன்று வருடக் கணக்கையாவது கேட்பார்கள். அதனால் 57 வயதிலிருந்தாவது உங்கள் கணக்கில் ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது. என்னைக் கேட்டால் இந்த ஏப்ரலிலிருந்தே என்பேன்.

கணக்கில் இல்லாத கடன் ஒன்றும் உண்டு, பணிக்கொடை. வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்குத் தர வேண்டிய கிராஜுவிட்டிதான் அது. மாதச் சம்பளம் 24,000 உள்ள ஒருவர் 12 வருடம் வேலை செய்திருந்தால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்து, 1 லட்சத்து 66 ஆயிரம் அவருக்குச் சேர்ந்திருக்கிறது. அப்படி 20 பேர் இருந்தால் 33 லட்சம். வாங்குபவர் இதை விலையில் கழிப்பார். எல்.ஐ.சி.யின் குழு பணிக்கொடைத் திட்டம் போல ஒன்றில் இப்போதிருந்தே வருடா வருடம் கட்டி வந்தால் அன்று பாரமாக இருக்காது. உங்களோடு இத்தனை வருடம் நின்றவர்களின் பணம் அது, பத்திரமாகவும் இருக்கும்.

இனி நிறுவனத்தின் வடிவம். இதில் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. தனி உரிமையாளர் தொழிலை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றும்போது, சொத்து கைமாறும் லாபத்துக்கான மூலதன ஆதாய வரி வராமல் இருக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. தொழிலின் எல்லாச் சொத்தும் கடனும் கம்பெனிக்குப் போக வேண்டும். பதிலுக்கு உங்களுக்குப் பங்குகள் மட்டும்தான் கிடைக்க வேண்டும், வேறு எந்த வகையிலும் பலன் வரக்கூடாது. வாக்குரிமையில் பாதிக்குக் குறையாமல் ஐந்து வருடம் உங்களிடமே இருக்க வேண்டும். அதற்குள் விற்றால், முன்பு விட்ட வரி கம்பெனியின் தலையில் வந்து விழும், வாங்குபவர் அதையும் விலையில் கழித்துவிடுவார். 60 வயதில் விற்க வேண்டுமானால் 55க்குள் மாற்றி முடித்திருக்க வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு வருடம்தான் உங்களுக்கு உபரி. புது ஜி.எஸ்.டி. பதிவு, வங்கியின் சம்மதம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், ஒவ்வொரு வாடிக்கையாளர் கம்பெனியிலும் சப்ளையருக்குத் தரும் பதிவு எண்ணான வெண்டர் கோட் புதிதாக வாங்குவது என்று இதற்கே பல மாதம் ஓடிவிடும்.

மாற்றாமலே விற்க முடியாதா என்றால், முடியும். தொழிலை மொத்தமாக ஒரே தொகைக்கு விற்பதை ஸ்லம்ப் சேல் என்பார்கள். மூன்று வருடத்துக்கு மேல் நடத்திய தொழில் என்பதால் அது நீண்டகால ஆதாயம், வரி 12.5 சதவீதம்தான். கம்பெனிப் பங்கை இரண்டு வருடம் வைத்திருந்து விற்றாலும் அதே 12.5 சதவீதம். ஆதாயம் 1 கோடியைத் தாண்டினால், வரியின் மேல் வரும் சர்சார்ஜ், செஸ் சேர்த்து ஏறக்குறைய 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏன் கம்பெனி? 60 சதவீதப் பங்கை முதலில் விற்று மீதியைப் பிறகு விற்கும் வசதி கம்பெனியில்தான் உண்டு. உரிமங்களும் வெண்டர் கோடும் கம்பெனி பெயரிலேயே இருப்பதால் கைமாறும்போது வேலை நிற்காது. எதைச் செய்தாலும் மெஷினைத் தனித்தனியாக மட்டும் விற்காதீர்கள். அதில் வரும் லாபம் எத்தனை வருடம் ஆனாலும் குறுகியகால ஆதாயம்தான், உங்கள் வருமான வரம்புக்கான முழு வரி வரும்.

இடத்தைக் கம்பெனிக்குள் கொண்டுவர வேண்டாம். மனைவி பெயரிலேயே இருக்கட்டும். கம்பெனியோடு நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்து, சந்தை வாடகையை மாதாமாதம் வங்கி மூலம் கொடுங்கள். பட்டறை கைமாறிய பிறகும் அந்த வாடகை உங்கள் வீட்டுக்கு வரும். கணபதியில் இருக்கும் இடத்தை அவசரப்பட்டு விற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தொழிலைப் பெருக்குவது பற்றிக் கேட்டீர்கள். அதே கம்பெனிக்காக 12ஆவது மெஷின் போட்டால் டர்ன்ஓவர் ஏறும், பயமும் ஏறும். அந்த 60 சதவீதத்தை 35க்குக் கொண்டுவருவதுதான் உண்மையான வளர்ச்சி. வால்வு, கம்ப்ரஸர், விவசாயக் கருவி என்று உங்கள் மெஷினிலேயே செய்யக்கூடிய வேறு பாகங்களுக்குப் போங்கள். இரண்டாம் ஷிஃப்ட் முழுதாக ஓடாமல் இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள்.

அதற்குப் பணம் உங்களுக்கு வர வேண்டிய பாக்கியிலேயே இருக்கிறது. 14 கோடிக்கு 90 நாள் என்றால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி வெளியே நிற்கிறது. 60 நாளாகக் குறைத்தால் 1 கோடியே 15 லட்சம் கைக்கு வரும், வங்கிக் கடனில் பாதிக்கும் மேல். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுப்படி நீங்கள் சிறு நிறுவனம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் வருடச் சட்டம். தாமதமானால், அந்தப் பணத்தைக் கொடுக்கும் வருடத்தில்தான் வாங்கிய கம்பெனி அதைச் செலவாகக் காட்ட முடியும். வாடிக்கையாளரோடு சண்டை போட முடியாது என்பீர்கள், நியாயம்தான். சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் சேருங்கள். டர்ன்ஓவர் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் அதில் பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் பில்லை ஒப்புக்கொண்டதும் ஏதாவது ஒரு வங்கி தள்ளுபடி போட்டு உங்களுக்குப் பணம் தந்துவிடும். கம்பெனி பிறகு வங்கிக்குக் கட்டிக்கொள்ளும், கட்டாவிட்டால் உங்களிடம் திரும்பி வராது.

புரோக்கரிடம் இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பட்டறை விலைக்கு வருகிறது என்ற பேச்சு வெளியே போனால் நல்ல ஆபரேட்டர்கள்தான் முதலில் வேலை தேடுவார்கள். விற்கும் நேரம் வரும்போது, ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் எந்தத் தாளையும் காட்ட வேண்டும்.

இந்த ஆயுத பூஜை முடிந்ததும், ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பத்து நாள் மனைவியோடு எங்காவது போய்வாருங்கள். போனை சூப்பர்வைசரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாத ஒவ்வொரு விஷயத்தையும் அவர் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். திரும்பி வந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், எதை முதலில் எடுப்பது என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.