பலமுறை இடித்து மாற்றிக் கட்டிய மாளிகையைப் பழமையானது என்று சொல்லலாமா? இங்கிலாந்தில் அப்படி எதையாவது பார்த்திருக்கிறீர்களா?

தாராளமாகச் சொல்லலாம். நான் காட்டும் சாட்சி லேகாக் அபி, அதாவது மடமாக இருந்து மாளிகையான கட்டடம். வில்ட்ஷையர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறது. அந்த நாட்டில் இருந்தபோது மூன்று முறை போனேன்.

முதல் முறை எனக்கு ஏமாற்றம்தான். மாளிகை என்றால் நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஜன்னல் வரிசை என்று மனதில் ஒரு படம் இருந்தது. தெற்குப் புல்வெளியில் நின்று பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. நீளமாக ஒரு கல்சுவர், அதில் வெவ்வேறு காலத்து ஜன்னல்கள், வலது கோடியில் எண்கோணக் கோபுரம். உள்ளே போனதும் அங்கிருந்த வயதான தன்னார்வலர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இவ்வளவு நேரம் நீங்கள் நின்றது சர்ச்சுக்குள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் கட்டடம் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

சாலிஸ்பரியின் பிரபுப் பெண்மணி எலா, கணவர் இறந்தபின் 1232-ல் இங்கே ஒரு கன்னியர் மடத்தை நிறுவினார். பின்னாளில் அவரே அதற்குத் தலைவியாகவும் இருந்தார். முந்நூறு வருடங்கள் மடம் நடந்தது. மன்னர் எட்டாம் ஹென்றி நாடு முழுக்க மடங்களைக் கலைத்தபோது, 1539-ல் இதுவும் மூடப்பட்டது. மறுவருடம் வில்லியம் ஷேரிங்டன் என்ற அரசவை மனிதர் 783 பவுண்டுக்கு வாங்கினார்.

மடங்களை வாங்கியவர்களில் சிலர் சர்ச் கட்டடத்தையே வீடாக்கிக்கொண்டார்கள். மாட்டிஸ்ஃபாண்ட், டிச்ஃபீல்ட் ஆகிய இடங்களில் நடந்தது அதுதான். ஷேரிங்டன் நேர்மாறாகச் செய்தார். சர்ச் கட்டடத்தை இடித்துவிட்டு, கன்னியர் புழங்கிய பகுதியை வைத்துக்கொண்டார். ஆனால் சர்ச்சின் வடக்குச் சுவரை மட்டும் அவர் தொடவில்லை. மடத்தின் நடு முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரம் அந்தச் சுவரை ஒட்டி நின்றது. அதனால் சர்ச்சின் வடக்குச் சுவர் வீட்டின் தெற்குச் சுவராகிவிட்டது. கன்னியர் ஜெபித்தபோது பார்த்துக்கொண்டிருந்த உள்பக்கம்தான் இன்று மழை வெயில் படும் வெளிப்பக்கம்.

இதனால் கட்டடம் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. கீழே மடம், மேலே வீடு. தரைத்தளத்தில் தாழ்வாரமும், கன்னியர் கூடிப் பேசிய அறையும், குளிர்காய நெருப்பு மூட்டிய அறையும் அப்படியே இருக்கின்றன. குளிர்காயும் அறையில் பெல்ஜியத்தின் மெஹலனில் 1500-ல் வார்த்த பெரிய வெண்கல அண்டா ஒன்று கிடக்கிறது. தாழ்வாரத்தின் கல்கூரை பதினைந்தாம் நூற்றாண்டு வேலை. சுவரிலிருந்து கிளம்பும் கல் நரம்புகள் விரிந்து உச்சியில் சந்திக்கும் இடங்களில் சின்னச் சின்னச் செதுக்கல்கள். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.

ஷேரிங்டன் புதிதாகக் கட்டியவற்றில் அந்த எண்கோணக் கோபுரத்தைத் தவறவிடாதீர்கள். ஆவணங்களையும் விலையுயர்ந்த பொருட்களையும் வைக்க அதில் ஓர் அறை. நடுவில் எண்கோணக் கல்மேசை. குந்தி உட்கார்ந்த உருவங்கள் அதைத் தலையில் தாங்குகின்றன. அன்றைய இங்கிலாந்தில் இத்தாலியப் பாணி இவ்வளவு சுத்தமாக வந்த இடங்கள் குறைவு. உச்சி அறைக்கு வீட்டுக் கூரைமேல் நடந்துதான் போக வேண்டும். மனிதர் ரசனைக்காரர், ஆனால் நேர்மையானவர் இல்லை. பிரிஸ்டல் நாணயச்சாலையில் பதவியில் இருந்தபோது எடை குறைந்த காசு அடித்து, கணக்கையும் திருத்தி, 1549-ல் பிடிபட்டார். மன்னிப்பு கிடைத்தது, பணம் கட்டிச் சொத்தையும் மீட்டுக்கொண்டார்.

பிறகு கல்யாண உறவால் வீடு டால்பட் குடும்பத்துக்கு வந்தது. 1750-களில் ஜான் ஐவரி டால்பட், சாண்டர்சன் மில்லர் என்பவரைக் கொண்டு பெரிய கூடத்தைக் கோதிக் பாணியில், அதாவது கூர் வளைவுகள் கொண்ட இடைக்கால சர்ச் பாணியில், மாற்றிக் கட்டினார். சுவர் மாடங்களில் சுடுமண் சிலைகள். அங்கே ஓர் ஆட்டுச் சிலையின் மூக்கில் சர்க்கரைக் கட்டி வைக்கும் வழக்கம்கூட உண்டு. குழந்தைகளுக்கு இந்தக் கூடம் மிகவும் பிடிக்கும். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கீழே அசல் கோதிக் தாழ்வாரம் இருக்கும்போது, மேலே அதைப் பார்த்து அலங்காரத்துக்குச் செய்தது மெலிந்து தெரிகிறது. ஆனாலும் அதை எடுத்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். பழைய மடத்து உருவத்தின் மேல் ஒரு தலைமுறைக்கு மறுபடி ஆசை வந்ததற்கு அந்தக் கூடம்தான் அத்தாட்சி.

கடைசி மாற்றம்தான் என் மனதுக்கு நெருக்கமானது. புகைப்படக் கலையின் முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1827-ல் இங்கே குடிவந்தார். தெற்குப்புற நீள அறையில் சுவரைத் தாண்டி வெளியே தள்ளி நிற்கும் மூன்று ஓரியல் ஜன்னல்களைப் போட்டார். எந்தச் சுவரில்? அதே சர்ச் சுவரில். அவற்றில் ஒன்றின் எதிரே 1835 ஆகஸ்டில் சின்ன மரப்பெட்டி ஒன்றைக் கேமராவாக வைத்தார். இப்படி அவர் வீட்டில் ஆங்காங்கே வைத்த பெட்டிகளுக்கு மனைவி கான்ஸ்டன்ஸ் இட்ட பெயர் எலிப்பொறி. உள்ளே உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் தடவிய காகிதம். வெளிச்சம் பட்ட இடம் கறுத்தது. இன்று எஞ்சியிருக்கும் புகைப்பட நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். அஞ்சல்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. எடுத்த புதிதில் படத்தில் ஜன்னலின் சுமார் இருநூறு கண்ணாடிச் சதுரங்களை லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்று அதன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

எலாவின் சுவரை ஷேரிங்டன் இடித்திருந்தாலோ, டால்பட் அதில் கைவைக்காமல் விட்டிருந்தாலோ அந்தப் படம் இல்லை. அதனால்தான் உங்கள் கேள்விக்கு யோசிக்காமல் ஆமாம் என்றேன். 1944-ல் மட்டில்டா டால்பட் வீட்டையும் கிராமத்தையும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். யாரும் போய்ப் பார்க்கலாம்.

மூன்றாம் முறை போனபோது அந்த நெகட்டிவைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஜன்னல் முன்னால் நின்றேன். படத்தில் கண்ணாடி எல்லாம் கறுப்பு, குறுக்குக் கம்பிகள் வெளுப்பு. எதிரே வெயிலில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, கம்பிகள் கறுத்து நின்றன. ஒரு மூலையிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். எண்பதைத் தாண்டியதும் பின்னால் ஒரு குடும்பம் வந்து காத்து நின்றது. விலகி வழிவிட்டேன்.