விசில் வந்தால் போதும்

அன்புள்ள ஐயா,

ஆய்வேடு எழுதுவதற்காக லினக்ஸில் ஐ3 (திரையில் ஜன்னல்களை அடுக்கிவைக்கும் நிரல்) போட்டேன். ஐ3பிளாக்ஸ் என்ற துணை நிரலை வைத்து, திரை ஓரத்து ஸ்டேட்டஸ் பாரில் தகவல் காட்டும் ஒன்பது விட்ஜெட் சேர்த்திருக்கிறேன்: நெட் வேகம், சிபியூ சூடு, பேட்டரி, வால்யூம், வானிலை, இப்படி. எல்லாம் நொடிக்கொரு முறை புதுப்பிக்கும். வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் எழுத்து சிவப்பாக வேண்டும், ஆகவில்லை. இரண்டு வாரமாக இதே வேலை. என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

விட்ஜெட்டுக்குப் பின்னால் ஓடும் குட்டி நிரல்தான் ஸ்கிரிப்ட். அது அச்சிடும் முதல் வரி முழு வாசகம், இரண்டாவது சுருக்கம், மூன்றாவது நிறம். மூன்றாவது வரியில் நிறத்தைக் கொடுங்கள், சிவந்துவிடும். நெட் வேகத்தை எடுத்துவிடுங்கள்.

என்னை உறுத்தியது அந்த 'நொடிக்கொரு முறை'. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கொண்டைக்கடலையைக் குக்கரில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூ தொடுப்பார். நான் அடுக்களைக்கும் திண்ணைக்குமாக ஓடுவேன். "சும்மா சும்மா போய்ப் பாத்தா வெந்துடுமா? விசில் கூப்பிடும், உக்காரு" என்பார். விரல் நாரில், காது அடுப்பில். நாலாவது விசிலுக்குத் தொடுப்பதை நிறுத்தாமலே, "போய் அடுப்பை அணை" என்பார்.

வால்யூம் தானாக மாறுமா? நீங்கள் கீயை அழுத்தினால்தானே மாறும்? அதைப் போய் ஒரு நாளைக்கு 86,400 முறை கேட்கிறீர்கள்! ஒவ்வொரு தடவையும் கட்டளைகளை ஓட்டும் ஒரு ஷெல் எழுந்து, இன்னும் இரண்டு நிரல்களைக் கூப்பிட்டு, அதே 45 சதவீதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சாகிறது. லேப்டாப் பேட்டரி என்ன பாவம் செய்தது?

ஐ3பிளாக்ஸ் அமைப்புக் கோப்பில் வால்யூமுக்கான பிளாக்கில் இன்டர்வலை (எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை என்பதை) 'ஒன்ஸ்' என்று மாற்றி, அதை எழுப்பும் சிக்னலுக்கு 10 கொடுங்கள். ஐ3-இன் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் வால்யூம் கீக்கான வரியின் கடைசியில், நிரல்களுக்குச் சிக்னல் அனுப்பும் பி-கில் கட்டளை வழியாக ஆர்டிமின்+10 சிக்னலை ஐ3பிளாக்ஸுக்கு அனுப்புங்கள். கீயை அழுத்தும்போது மட்டும் அந்த ஒரு கட்டம் மாறும். அம்மா சொன்ன விசில் இதுதான். பேட்டரிக்கு நிமிஷத்துக்கு ஒரு முறை தாராளம். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்கிரிப்ட் 33 என்ற எண்ணோடு முடியட்டும். ஐ3பிளாக்ஸ் அதை அவசரம் என்று எடுத்துக்கொள்ளும், பாரில் அந்தக் கட்டம் தனியாகத் தெரியும். வானிலைக்கு அரைமணி.

சரி, இரண்டு வாரம் போனது போகட்டும் தம்பி. கடிகாரத்தில் நொடி ஓடிக்கொண்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஆய்வேட்டின் முதல் இயலை எழுதி எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து வாசிக்கிறேன்.