கச்சத்தீவை மீட்டால் தீர்ந்ததா?

கேள்வி: என் மகள் எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்துவிட்டாள். நாடுகளுக்கு இடையிலான கடல் எல்லைத் தகராறு, வெளியுறவுக் கொள்கை என்று பிஎச்.டி. செய்யப்போவதாகச் சொல்கிறாள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேராசிரியர்கள் எழுதியதால் ஒரு மீனவராவது விடுதலை ஆகியிருக்கிறாரா? கச்சத்தீவை மீட்டால் தீர்ந்தது. இதற்கு ஐந்து வருஷ ஆராய்ச்சி எதற்கு?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை ஐயா. ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்டி யாழ்ப்பாணச் சிறையிலிருந்து யாரும் வெளியே வந்ததில்லை. அதற்கு வக்கீல் வேண்டும், தூதரகம் அசைய வேண்டும், சென்னையும் டெல்லியும் கொழும்பும் ஒரே நேரத்தில் மனது வைக்க வேண்டும். ஆனால் ‘கச்சத்தீவை மீட்டால் தீர்ந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்கள் மகள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறோம், ஐம்பது வருஷமாக அப்படி நம்பவைக்கப்பட்டிருக்கிறோம்.

கச்சத்தீவு 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது, யாரும் குடியிருக்கவில்லை, அந்தோணியார் கோயில் ஒன்றுதான். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அந்தத் தீவைக் கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இலங்கையிடம் வைத்தது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்பு போலவே விசா எதுவும் இல்லாமல் அங்கே போய்வரலாம் என்றது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளுக்கும் ஒன்றின் கடலில் மற்றொன்றுக்கு இருந்துவந்த பாரம்பரிய உரிமைகள் தொடரும் என்றது. அப்புறம் 1976 மார்ச் 23. மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வரைந்த அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகம் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. மீன்பிடி உரிமையின் கதவு சாத்தப்பட்டது அன்றைக்குத்தான். நெருக்கடி நிலைக் காலம் அது, ஜனவரி 31-ஆம் தேதியே தமிழக அரசு கலைக்கப்பட்டுவிட்டது, எழுந்து நின்று கேள்வி கேட்க இங்கே ஒரு சட்டசபைகூட இல்லை.

அதே 1976 உடன்பாட்டில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்பிடித் தளம் இந்தியாவுக்கு உறுதியானது. இதை மேடையில் யார் சொல்கிறார்கள்?

சரி, நாளைக்கே தீவு திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோடு கொஞ்சம் நகரும். இலங்கைப் பக்கத்து நெடுந்தீவும் பேசாலையும் நகராது. நம் விசைப்படகுகள் வலை இழுப்பது கச்சத்தீவுக் கரையில் மட்டும் இல்லை, அதைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கம், தலைமன்னார்ப் பக்கம், வடக்கே இன்னும் தூரம். அங்கே போனால் கைது இன்றைக்கும் நடக்கும், தீவு வந்த பிறகும் நடக்கும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஓர் அரசியல் அறிவியலாளரின் எழுத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையத்தைத் தொடங்கி அதன் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் வி. சூரியநாராயண். சிங்கப்பூர், மலேசியா என்று தென்கிழக்கு ஆசியாவைப் படித்தவர். இலங்கை பக்கம் வந்த பிறகு மலையகத் தமிழரைப் பற்றியும், தமிழ்நாட்டில் இருந்த இலங்கை அகதிகளைப் பற்றியும், பாக் நீரிணை மீனவர்களைப் பற்றியும் விடாமல் எழுதினார். 1994-இலேயே கச்சத்தீவைப் பற்றித் தனி நூல் கொண்டுவந்தார். தீவைக் கொடுத்த முறை தவறு என்றும் எழுதினார், கடலடியை வாரிக்கொண்டு வரும் வலையான இழுவை மடியால் இலங்கைத் தமிழ் மீனவர் படும் பாட்டையும் எழுதினார். வழியும் சொன்னார்: மேற்கு வங்கத்தில் தீன் பிகா என்ற சிறு நிலப்பாதையை 1992-இல் இந்தியா வங்கதேசத்துக்குக் குத்தகைக்கு விட்டதைப் போல, கச்சத்தீவை இலங்கையிடம் நிரந்தரக் குத்தகைக்குக் கேட்கலாம். கூடவே, உரிமம் பெற்ற இந்திய மீனவர்கள் இலங்கைக் கடலில் குறிப்பிட்ட தூரம் வரை மீன்பிடிக்க அனுமதி கேட்கலாம். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் வேறு விஷயம். இறையாண்மையைத் தொடாமல் பேச்சுவார்த்தையில் வைக்கக்கூடிய ஒரு யோசனை அது. மேடைப் பேச்சிலிருந்து அது வரவில்லை, ஒரு மனிதர் பல வருஷம் உட்கார்ந்து படித்ததால் வந்தது. 2014-இல் மத்திய அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னார் தெரியுமா? கச்சத்தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்றார். போருக்கும் முழக்கத்துக்கும் நடுவே வேறு வழி உண்டா என்று தேடுவதுதான் ஐயா இந்தப் படிப்பு.

இழுவை மடியைப் பற்றிக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் பக்கக் கடலடியை நாமே வழித்தெடுத்துவிட்டோம். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நம் கரையிலேயே சண்டை வந்துதான் ராமேசுவரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்தார்கள். அந்தப் பக்கம் போர்க்காலத்தில் வடக்கு மீனவர்களைக் கடற்படை கடலில் இறங்கவே விடவில்லை, காலியாகக் கிடந்த கடலில் நம் படகுகள் போய்ப் பழகிவிட்டன. 2009-க்குப் பிறகு அவர்கள் கடனை வாங்கிக் கண்ணாடி இழைப் படகும் வலையும் வாங்கித் திரும்பி வந்தபோது, ராத்திரி விரித்த வலையை நம் விசைப்படகு அறுத்துக்கொண்டு போகிறது. அவர்களும் தமிழர்கள்தான். 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியையே தடை செய்து சட்டம் போட்டது, அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் யாழ்ப்பாணத் தமிழ் அரசியல்வாதிகளே முன்னால் நின்றார்கள். ராமேசுவரத்துப் படகுத் தொழிலாளியின் வயிறும் உண்மை, நெடுந்தீவுக்காரரின் அறுந்த வலையும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் எழுத ஆள் வேண்டும், அப்படி எழுதுகிறவரை இரண்டு கரையும் திட்டும்.

இது நம் கடலோடு முடியும் படிப்பும் இல்லை. வங்கக் கடலில் நியூ மூர் என்று ஒரு சின்ன மணல்தீவுக்காக இந்தியாவும் வங்கதேசமும் பல வருஷம் மல்லுக்கு நின்றன, கடைசியில் கடலே அதை விழுங்கிவிட்டது. வங்கதேசம் 2009-இல் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2014 ஜூலையில் தீர்ப்பு வந்தது, தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்கு. இந்தியா ஏற்றுக்கொண்டது. இரண்டே வருஷம் கழித்து தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது, சீனா அதைத் தொடவே மாட்டேன் என்றது. ஒரே கடல் சட்டம், ஒரே மாதிரி நடுவர் மன்றம். ஒரு பெரிய நாடு பணிகிறது, இன்னொன்று மறுக்கிறது. ஏன்? அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் டெய்லர் ஃப்ராவெல், 1949 முதல் சீனாவுக்கு இருந்த 23 எல்லைத் தகராறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, 17-இல் சீனா ஏதோ ஒரு வகையில் விட்டுக்கொடுத்திருக்கிறது என்று காட்டினார். உள்நாட்டில் நெருக்கடி வந்தபோது நில எல்லையில் இறங்கிவந்த நாடு, கடல் தீவுகளில் மட்டும் அநேகமாக இறங்கவே இல்லை. ஒரு நாடு எப்போது, ஏன் விட்டுக்கொடுக்கிறது என்ற இந்தக் கேள்வியை வைத்து 1974-ஐப் பாருங்கள். 1971 போரில் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போன பிறகு, சிரிமாவோ அரசைக் கைக்குள் வைத்துக்கொள்ள டெல்லிக்கு என்ன விலை சரி என்று பட்டது? அந்த விலையை யார் கொடுத்தார்கள்? ராமேசுவரத்துக்காரர்களைக் கேட்டார்களா? இதையெல்லாம் ஆவணத்தோடு எழுதினால்தான் நாளைக்கு இன்னொரு ஒப்பந்தம் போடுகிறவருக்குக் கொஞ்சமாவது தயக்கம் வரும்.

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் ஆர்.டி.ஐ. என்ற தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக 1974 ஆவணங்கள் சில வெளியே வந்தன. தொலைக்காட்சிகளில் நாள்கணக்கில் யார் துரோகி என்று சண்டை போட்டார்கள். நான் பார்த்தவரை 1976 கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டியவர் ஒருவரும் இல்லை. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

வேலையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பிஎச்.டி. முடித்தவுடன் வாசலில் வேலை காத்திருக்காது. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஐந்து வருஷம் உங்கள் கையை எதிர்பார்க்காமல் இருக்கலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும், மண்டபத்திலும் மன்னாரிலும் கரையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். ஏ.சி. அறை என்று நீங்கள் சொன்னது அதற்கு நடுவில் எப்போதாவது வரும். முக்கியமாக ஒன்று: முதல் வருஷமே சிங்களம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கொழும்பில் மக்கள் படிக்கும் பத்திரிகையும் நாடாளுமன்றத்தில் பலர் பேசும் பேச்சும் அந்த மொழியில்தான் இருக்கின்றன, நம் பக்கத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.