தானாக மாறிய எண் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

லினக்ஸில் சி++ நிரல் ஒன்று எழுதி வருகிறேன். எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஒரே வரிசையிலிருந்து வேலைகளை எடுத்துச் செய்யும். வரிசையில் 1000-க்கு மேல் இடமில்லை. ஆனால் சில மணி நேரம் ஓடிய பிறகு அதன் நீளம் திடீரென்று 1701667182 ஆகிவிடுகிறது, உடனே கிராஷ். ஜிடிபி என்ற டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) வரிவரியாகப் போனால் பாதியிலேயே வேறு த்ரெட்டுக்குத் தாவிவிடுகிறது. மற்ற த்ரெட்களை நிறுத்திவைக்கலாம் என்று ஷெட்யூலர் லாக்கிங்கை ஆன் செய்தேன்; நிரலே அசையாமல் நின்றுவிட்டது. எங்கோ ஒரு த்ரெட் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரே தொடலாம் என்ற பூட்டு) எடுக்காமல் நீளத்தைத் தொடுகிறது என்று சந்தேகப்படுகிறேன். பேசாமல் டீபக்கரை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் பிரிண்ட் போட்டுப் பார்க்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

பிரிண்ட் போடுவதற்கு முன் அந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1701667182-ஐ நான்கு பைட்டாகப் பிரித்தால், மெமரியில் இருக்கும் வரிசைப்படி 110, 97, 109, 101 வரும். எழுத்துக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் இவை என், ஏ, எம், இ என்ற சிறிய எழுத்துகள். சேர்த்துப் படித்தால் 'நேம்'. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆங்கிலச் சொல் உட்கார்ந்திருக்கிறது! லாக் இல்லாமல் இரண்டு த்ரெட்கள் மோதினால் நீளம் ஒன்றிரண்டு கூடும், குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போய் வேறு ஏதோ எண்ணாகத் தெரியும். எழுத்தாக மாறாது. பக்கத்து இடத்தில் ஏதோ ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) நிரப்பும்போது அளவு தாண்டி உங்கள் நீளத்தின் மேலேயே எழுதிவிட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு.

அடுத்த முறை கிராஷ் ஆனதும், நீளத்தின் முகவரிக்கு 32 பைட் முன்னாலிருந்து மெமரியை ஜிடிபியின் எக்ஸ் கட்டளையால் எழுத்துகளாகப் பாருங்கள். அந்தச் சரத்தின் முன்பகுதி அங்கே கிடக்க வேண்டும். அது எந்தச் சரம் என்பது நிரலை எழுதிய உங்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடலாம்.

தெரியாவிட்டால், எழுதும் கையைப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் வாட்ச்பாயிண்ட்: ஓர் இடத்தின் மதிப்பு மாறியதும் நிரலை நிறுத்தும் காவல். எக்ஸ்86 செயலியில் இதற்கென்று நான்கு ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி. அதிகபட்சம் 8 பைட் வரை கண்காணிக்கலாம். செயலியே பார்த்துக்கொள்வதால், அந்த முகவரியில் யாரும் எழுதாத வரை நிரல் தன் வேகத்திலேயே ஓடும். வரிசை உருவான இடத்தில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்துங்கள். அங்கே நீளத்தின் மேல் வாட்ச் வையுங்கள், 'லொகேஷன்' என்ற விருப்பத்தோடு. வெறும் பெயரைக் கொடுத்தால், அதில் உள்ளூர் மாறி ஏதாவது இருக்கும்போது அந்த ஃபங்ஷன் முடிந்ததும் வாட்ச்சும் போய்விடும். முகவரி அப்படிப் போகாது.

நியாயமாக எழுதும் த்ரெட்களும் அதே இடத்தில்தான் எழுதுகின்றன. அதனால் 'நீளம் 1000-ஐத் தாண்டினால் மட்டும் நில்' என்று நிபந்தனை சேருங்கள். அந்தச் சரம் ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து விழுந்ததும் நீளம் 110 ஆகலாம். பார்க்க நல்ல எண்தான், டீபக்கர் நிற்காது. இரண்டாவது எழுத்து விழும்போது 24942. அங்கே பிடிபடும். ஒன்று கவனியுங்கள்: எழுதி முடித்த பிறகுதான் செயலி நிறுத்தும். ஜிடிபி காட்டும் அம்புக்குறி குற்றம் செய்த கட்டளைக்கு அடுத்த கட்டளையில் இருக்கும். அதற்கு மேலே உள்ள கட்டளையைப் பாருங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. வாட்ச் வைத்தவுடன் ஜிடிபி 'ஹார்ட்வேர் வாட்ச்பாயிண்ட்' என்று பதில் சொல்கிறதா பாருங்கள். வெறும் 'வாட்ச்பாயிண்ட்' என்று வந்தால், அது ஒவ்வொரு கட்டளையாக நடந்து மதிப்பைச் சோதிக்கும் மென்பொருள் வகை. நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகும். அதைவிட மோசம், அது ஒரே த்ரெட் எழுதுவதைத்தான் நம்பகமாகப் பிடிக்கும். இது தெரியாமல் நான் ஓர் இரவு முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். மதிப்பு மாறியிருந்தது, கைகாட்டப்பட்ட வரிக்கும் அந்த மாறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுதியது வேறு த்ரெட்.

சரி, த்ரெட் தாவுவதற்கு வருவோம். நீங்கள் ஒரு வரி நகரும்போது மற்ற ஏழும் சும்மா நிற்பதில்லை, ஓடுகின்றன. அவற்றில் ஒன்று உங்கள் பிரேக்பாயிண்டை மிதித்தால் ஜிடிபி அங்கே போய் நிற்கும். பிரேக்பாயிண்ட் வைக்கும்போதே கடைசியில் த்ரெட் எண்ணையும் கொடுத்துவிட்டால் தாவல் நிற்கும். ஷெட்யூலர் லாக்கிங்கை ஆனில் வைக்காமல் 'ஸ்டெப்' நிலையில் வையுங்கள். வரிவரியாகப் போகும்போது மற்றவை நிற்கும். கண்டின்யூ கொடுத்தால் எல்லாம் ஓடும்.

நிரல் நின்றுபோனதற்கு டீபக்கரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் நிறுத்திவைத்த த்ரெட்களில் ஒன்று லாக்கைக் கையில் வைத்திருந்திருக்கும். ஓட விட்ட த்ரெட் அதற்காகக் காத்து நிற்கிறது, கொடுக்க வேண்டியவர் அசைய முடியாது. அந்த லாக்கின் மாறியை, அதாவது ம்யூடெக்ஸை, அச்சிட்டுப் பாருங்கள்; உள்ளே 'ஓனர்' என்று ஓர் எண் இருக்கும். 'இன்ஃபோ த்ரெட்ஸ்' பட்டியலில் எல்டபிள்யூபி என்ற, லினக்ஸ் தரும் த்ரெட் எண்ணோடு ஒப்பிட்டால் லாக் யாரிடம் என்று தெரிந்துவிடும். உங்கள் லாக் மட்டுமல்ல, மெமரி ஒதுக்கும் மாலாக்கும் உள்ளே லாக் வைத்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு த்ரெட்டை உறைய வைத்தால், லாக்கே இல்லாத உங்கள் வரியும் நின்றுபோகலாம். ஆகவே ஒரு த்ரெட்டை நிறுத்துவதற்கு முன் அதன் பேக்ட்ரேஸை, அதாவது எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியலை, பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பிரிண்ட் போடுவதை இந்தச் சிக்கலுக்கு நான் சொல்ல மாட்டேன். பிரிண்டும் ஒரு லாக் எடுக்கும், த்ரெட்களின் ஓட்ட நேரத்தை மாற்றும். அதோடு, தவறாக எழுதும் வரி எது என்று தெரியாத நிலையில் எங்கே பிரிண்ட் போடுவீர்கள்? அதற்குப் பதில், மெமரித் தவறுகளைக் கண்காணிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து ஒருமுறை ஓட்டுங்கள். அளவு தாண்டி எழுதுவதை, நடக்கும் இடத்திலேயே அது பிடிக்கும். ஆனால் அந்தச் சரமும் நீளமும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் (பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புக்குள்) இருந்தால் பொதுவாக அதன் கண்ணில் படாது. அப்போது வாட்ச்பாயிண்ட்தான் வழி. ஆர்ஆர் என்ற கருவி உங்கள் கணினியில் ஓடினால் இன்னும் நல்லது: ஓட்டத்தைப் பதிவு செய்துவிட்டு, கிராஷ் ஆன இடத்தில் வாட்ச் வைத்துப் பின்னோக்கி ஓட விடலாம். கடைசியாக எழுதிய இடத்தில் போய் நிற்கும்.

வாட்ச் நின்றதும் வேறு எதையும் தொடாமல், முதலில் எல்லா த்ரெட்களின் பேக்ட்ரேஸையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். அதையும் நீளத்துக்கு முன்னால் இருக்கும் 32 பைட்டையும் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்