பழைய சான்ட்ரோவுல அலெக்ஸா மாட்டலாமா?

கேள்வி: சார், எங்க வீட்ல 2009 சான்ட்ரோ இருக்கு, அப்பா ஆசையா வாங்குனது, விக்க மனசே வரல. ஸ்டீரியோ பழைய சிடி டைப், புளூடூத் கிடையாது, முன்னாடி பாட்டு வயர் சொருகுற ஆக்ஸ் ஓட்டை மட்டும் இருக்கு. கார்ல வைக்கிற அலெக்ஸா, அதான் வாயால சொன்னா கேக்குற அமேசானோட எக்கோ ஆட்டோ, வாங்கி மாட்டலாமா? அப்பாவும் ஓட்டுவாரு, அவருக்கு தமிழ் மட்டும்தான் வரும். அடிக்கடி கொல்லிமலை போவோம்.
- நாமக்கல் வாசகர்

பதில்: தாராளமா மாட்டலாம், ஆக்ஸ் இருக்கிறதால பாதி வேலை முடிஞ்சது. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, அந்த டப்பா வெறும் காதுதான், நெட் எல்லாம் உங்க போன்ல இருந்துதான் போகும். 2020 ஜனவரியில இங்க 4,999 ரூபாய்க்கு வந்தப்ப அதுல 8 மைக் வச்சிருந்தாங்க, ஜன்னல இறக்கி விட்டுட்டு பக்கத்துல லாரி போனாலும் நம்ம குரலை பிரிச்சு எடுக்கத்தான் அத்தனை மைக். அது போனோட புளூடூத்ல சேரும், சத்தம் ஆக்ஸ் வயர் வழியா ஸ்டீரியோவுக்கு போகும், கரண்ட் சிகரெட் லைட்டர் சாக்கெட்ல இருந்து. அவ்ளோதான். அதனால கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது எங்கயாவது சிக்னல் போச்சுன்னா அதுவும் வாய மூடிக்கும். கீழயே மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோடு பண்ணிட்டு கிளம்புங்க.

அப்பா விஷயத்துக்கு வருவோம். அலெக்ஸா இங்க இங்கிலீஷ், ஹிந்தியிலதான் பேசும். தமிழ் பாட்டு பேர் சொன்னா போடும், ஆனா வழிய தமிழ்ல கேட்டா முழிக்கும். ஆண்ட்ராய்டு போன்ல கூகுள் அசிஸ்டன்ட்ட தமிழ்ல வச்சுக்கலாம், கூகுள் மேப்பும் "இடதுபுறம் திரும்பவும்"னு தமிழ்லயே சொல்லும். அதனால நான் உங்க இடத்துல இருந்தா ஆக்ஸ்ல சொருகுற சின்ன புளூடூத் ரிசீவர் ஒண்ணு, மைக் வச்சதா பாத்து வாங்குவேன், சில நூறு ரூபாயில முடியும், அப்பாவும் அவர் பாஷையிலயே கேட்டுக்குவாரு. வயசானவங்க ரோட்டை பாத்துட்டே தெரியாத பாஷையில வார்த்தை தேடுறது எனக்கு சுத்தமா பிடிக்கல, அது ஆபத்து.

எத மாட்டுனாலும் ஒரு தொல்லை வரலாம். என் 2006 மாருதி ஜென்ல மாட்டுன அன்னைக்கே ஸ்பீக்கர்ல "ங்ஙொய்ய்"னு ஒரு சத்தம், ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் கூடவே ஏறுது, விட்டா இறங்குது. ஸ்பீக்கர் போச்சுன்னு நெனச்சேன், இல்ல, ஆல்டர்னேட்டர் இரைச்சல், அதான் இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற பாகத்தோட சத்தம். டப்பாவும் ஸ்டீரியோவும் ஒரே கார் கரண்ட்ல இருந்து எடுக்குறப்ப ஆக்ஸ் வயரோட எர்த் வழியா அது உள்ள புகுந்துடுது. கண்டுபிடிக்க ஈசி, டப்பாவ பவர் பேங்க்ல போட்டு பாருங்க, சத்தம் நின்னுச்சுன்னா இதேதான். ஆக்ஸ் வயர் நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு சின்ன உருளை வரும், அத போட்டதும் எனக்கு அடங்கிடுச்சு.

இன்னொண்ணு, தனியா யூஎஸ்பி சாக்கெட் வைக்க கடையில விட்டா வயரை எங்க குடுக்குறாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க. எனக்கு ஒரு கடையில நேரா பேட்டரி லைன்ல குடுத்துட்டாங்க, சாவி எடுத்தாலும் சாக்கெட் லைட் எரிஞ்சுட்டே இருந்திருக்கு, ஒரு வாரம் ஊருக்கு போயிட்டு வந்து சாவி திருப்புனா "டக்"னு ஒரு சத்தம், அவ்ளோதான், தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டியதாயிடுச்சு. சாவி ஆஃப் பண்ணா கட் ஆகுற ஏசிசி லைன்ல குடுக்க சொல்லுங்க.

கேள்வி: வழி பாக்க போனை கையில வச்சிருந்தா ஃபைன் போடுவாங்களா?
- சேலம் வாசகர்

பதில்: வழி பாக்க மட்டும், கவனம் சிதறாம பயன்படுத்தலாம்னு 2020 அக்டோபர்ல இருந்து மத்திய விதியில இருக்கு. பேசுறதுக்கு கையில எடுத்தா மோட்டார் வாகன சட்டம் 184-வது பிரிவுல மாட்டுவீங்க. ஹோல்டர்ல மாட்டி, கிளம்புறதுக்கு முன்னாடியே ஊர் பேர போட்டுடுங்க. பழைய வண்டின்னா ஏசி வென்ட்ல ஹோல்டர் மாட்டாதீங்க, வெயில்ல காஞ்சு போன பிளாஸ்டிக், ரெண்டே மாசத்துல உடைஞ்சு கையோட வந்துடும்.